எடுக்கத் தெரியும், வைக்கத் தெரியாது

மதியம் 2 மணி. அலுவலகம் பூட்டியிருக்கிறது. மேசை மேல் தொலைபேசி இரண்டு தடவை மணியடிக்கிறது. மூன்றாவது மணி அடிக்கவில்லை. மேசைக்குக் கீழே இருக்கும் கணினிப் பெட்டிக்குள்ளிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம், நகம் வெட்டியதுபோல. ஊரின் இன்னொரு மூலையில் ரிசீவரைக் காதில் வைத்திருப்பவருக்கு ஒரு குரல் கேட்கிறது: “வணக்கம், இப்போது யாரும் இல்லை, பீப் ஒலிக்குப் பிறகு பேசுங்கள்.” அவர் தயங்குகிறார். தொண்டையைச் செருமுகிறார். பிறகு, “சார், அந்த பில் விஷயமா...” என்று ஆரம்பிக்கிறார்.

1990-களின் நடுவில் வாய்ஸ் மோடம் பொருத்திய கணினி இருந்த இடங்களில் இப்படித்தான் நடந்தது. கணினிக்குக் கை கிடையாது. ரிசீவரை யாரும் தூக்கவும் இல்லை. தூக்கிவிட்டதாக எக்சேஞ்சை நம்பவைத்தது அந்த ‘டிக்’. பில் விஷயத்தைச் சொல்லி முடித்து அவர் ரிசீவரை வைக்கிறார். கணினிக்குச் சோதனை இனிமேல்தான். எடுக்க ஒரு ‘டிக்’ போதும். எதிர்முனையில் ஆள் போய்விட்டார், இனி நீயும் வைக்கலாம் என்று அதற்கு யார் சொல்வது?

முதலில் எடுக்கும் கதை. வீட்டுக்கு வரும் தொலைபேசி லைன் என்பது இரண்டே இரண்டு செம்புக் கம்பி. ரிசீவர் தாங்கியில் இருக்கும்வரை அந்த இரண்டுக்கும் நடுவே 48 வோல்ட் மின்னழுத்தம் சும்மா காத்து நிற்கும், மின்சாரம் ஓடாது. சரியாகச் சொன்னால் அது மைனஸ் 48. ஈரமண்ணில் கிடக்கும் செம்பு, மண்ணைவிடப் பாசிட்டிவாக இருந்தால் அரித்துப்போகும். நெகட்டிவாக இருந்தால் தப்பும். அதனால்தான் எக்சேஞ்ச் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை மண்ணோடு இணைத்துவிட்டு நெகட்டிவை ஊருக்குள் அனுப்புகிறார்கள். ஊரே மின்வெட்டில் இருண்டாலும் லேண்ட்லைன் மட்டும் உயிரோடு இருந்ததற்கும் அந்த பேட்டரிதான் காரணம். கணினியை நம்பித் தொலைபேசியை ஒப்படைத்தவர்களுக்கு அந்த வரம் கிடையாது. கரண்ட் போனால் பதில் சொல்லும் ஆளும் போய்விடுவார்.

அழைப்பு வந்தால் எக்சேஞ்ச் அதே கம்பியில் 75 முதல் 90 வோல்ட் வரை மாறுமின்சாரத்தை ஏற்றுகிறது. இந்தியாவில் அது நொடிக்கு 25 சுழற்சி. கம்பத்தில் ஏறி, கம்பியின் உறையைச் சீவிக்கொண்டிருக்கும் லைன்மேனுக்கு அந்த நேரம் பார்த்து யாராவது போன் போட்டால், விரலில் ‘சுரீர்’ என்று இறங்குவது இதுதான்.

ரிசீவரை எடுத்ததும் தொலைபேசிக்குள் ஒரு சுவிட்ச் மூடிக்கொள்ள, சில நூறு ஓம் மின்தடை கம்பிகளுக்குக் குறுக்கே விழுகிறது. 20 மில்லி ஆம்பியருக்கு மேல் மின்சாரம் ஓடத் தொடங்குகிறது. 48 வோல்ட் சரிந்து பத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. எக்சேஞ்ச் கவனிப்பது இந்த ஓட்டத்தை மட்டும்தான். ஓடினால் ஆள் வந்தாயிற்று, மணியை நிறுத்து, பேச்சை இணை. எடுத்தது வீட்டுக்காரரா, குழந்தையா, குறுக்கே விழுந்த ஒரு மின்தடையா என்று அது விசாரிப்பதில்லை. கணினிக்கு வேண்டியதும் இந்த அலட்சியம்தான்.

அப்படியானால் கம்பியை நேராக சவுண்ட் கார்டின் மைக் துளையில் செருகிவிட்டால் என்ன? செருகலாம், ஒரே ஒரு முறை. மைக் துளை எதிர்பார்ப்பது வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு. மணியடிக்கும்போது கம்பியில் வருவது 90 வோல்ட். சவுண்ட் கார்டு தப்பினாலும் இன்னொரு சிக்கல் உண்டு. கணினியின் உடம்பு எர்த்தோடு சேர்ந்தது. லைனின் ஒரு கம்பியை அதில் தொட்டுவிட்டால் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே இருந்த சமநிலை கெட்டு, காது முழுக்க ‘ஹ்ம்ம்ம்’ என்ற இரைச்சல்தான்.

பழைய மோடம் கார்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் இதற்குத் தீர்வு கண்ணுக்கே தெரியும். ஓரத்தில் இரண்டு சதுரத் துளைகள், ஒன்று லைனுக்கு, ஒன்று போனுக்கு. அவற்றை ஒட்டித் தீப்பெட்டியில் பாதி அளவில் ஒரு கட்டி: டிரான்ஸ்ஃபார்மர். பக்கத்தில் சின்ன செவ்வகப் பெட்டியாக ரிலே. ‘டிக்’ என்றது இதுதான். அப்புறம் பூச்சி போல் கால் முளைத்த ஓர் ஐ.சி. அதற்குள் ஒரு பக்கம் எல்.இ.டி., மறுபக்கம் வெளிச்சத்தை உணரும் டிரான்சிஸ்டர். மணியடித்தால் எல்.இ.டி. மினுக்கும், எதிரில் இருப்பது அதைப் பார்த்துக் கணினிக்குச் சொல்லும். இவற்றுக்கு அடியில் அட்டையைக் கூர்ந்து பார்த்தால் சில மில்லிமீட்டர் அகலத்துக்குச் செம்புக் கோடே ஓடாத ஒரு பச்சைப் பொட்டல் தெரியும். அந்தப் பக்கம் எக்சேஞ்சின் ராஜ்ஜியம், இந்தப் பக்கம் கணினியின் ராஜ்ஜியம். பேச்சு காந்தப்புலமாக டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டும். மணி வெளிச்சமாகத் தாண்டும். மின்சாரம் மட்டும் தாண்டக்கூடாது.

அந்தப் பொட்டலுக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது.

அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தொலைபேசி என்றால் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம். கம்பி அவர்களுடையது, கருவியும் அவர்களுடையது. வாடிக்கையாளர் வாடகை கட்டிப் பேசலாம், வேறெதையும் அதில் மாட்டக்கூடாது. பேச்சு பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமலிருக்க ரிசீவரின் வாய்ப்பக்கம் பொருத்தும் ‘ஹஷ்-ஏ-ஃபோன்’ என்ற கிண்ணத்தைக்கூட அவர்கள் விடவில்லை. அதில் ஒயர் கிடையாது, பேட்டரி கிடையாது. அந்தக் கிண்ணத்துக்காக வழக்கு நீதிமன்றம்வரை போய், 1956-இல்தான் கிண்ணம் ஜெயித்தது. அடுத்து வந்தார் டெக்சாஸ்காரர் தாமஸ் கார்ட்டர். எண்ணெய் வயல்களில் ரேடியோவில் பேசுகிறவர்களைத் தொலைபேசியோடு சேர்த்துவைக்க ஒரு பெட்டி செய்தார். ரிசீவரை அதன் மேல் படுக்கவைத்தால் போதும், கம்பியைத் தொடவே வேண்டாம். 1968-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அப்போதும் நிறுவனம் விடவில்லை: மாட்டிக்கொள்ளுங்கள், ஆனால் நடுவே எங்கள் பாதுகாப்புப் பெட்டியை வாடகைக்கு வாங்கிப் பொருத்துங்கள் என்றது. 1970-களின் கடைசியில் அந்த நிபந்தனையும் விழுந்தது. அந்த வாடகைப் பெட்டியின் பெயர் ‘டேட்டா ஆக்சஸ் அரேஞ்ச்மென்ட்’. பெட்டி ஒழிந்து பல பத்தாண்டுகள் ஆகியும், மோடத்தின் டிரான்ஸ்ஃபார்மரும் ரிலேயும் இருக்கும் பகுதியைப் பொறியாளர்கள் ‘டி.ஏ.ஏ.’ என்றுதான் சொல்கிறார்கள்.

கம்பியைத் தொடக்கூடாது என்ற சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனவர்களில் ராபர்ட் வைட்பிரெக்ட் முக்கியமானவர். இயற்பியலாளர், காது கேளாதவர். 1960-களின் நடுவில் அவர் செய்த கருவியில் ரிசீவரை வைத்தால், டெலிபிரிண்டரில் தட்டும் எழுத்து ஒலியாக மாறி ரிசீவரின் வாய்க்குள் போகும். எதிர்முனை அனுப்பும் ஒலி காதுப்பக்கத்திலிருந்து எழுத்தாகத் திரும்பும். காது கேளாத இருவர் முதல்முறையாகத் தொலைபேசியில் ‘பேசிக்கொள்ள’ வழி பிறந்தது. இரண்டு ரப்பர் கிண்ணங்களில் ரிசீவரை அழுத்திவைக்கும் அந்த முறையில்தான் பிறகு கணினிகளும் தொலைபேசியோடு ஒட்டிக்கொண்டன, நொடிக்கு 300 பிட் வேகத்தில். அறைக்கதவு ‘படார்’ என்று சாத்தினால் திரையில் ஒன்றிரண்டு எழுத்துகள் உளறும்.

ஏ.டி. அண்ட் டி.யின் பயம் மின்சாரத்தைப் பற்றியது மட்டும் இல்லை. 1930-களில் அவர்களுடைய பெல் ஆய்வகத்திலேயே கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற பொறியாளர் காந்தப் பதிவைக்கொண்டு, தானே பதில் சொல்லிச் செய்தியைப் பதிந்துவைக்கும் கருவியைச் செய்து முடித்திருந்தார். நிறுவனம் அதை வெளியே விடவில்லை. பேசுவது பதிவாகும் என்று தெரிந்தால் மக்கள் போனில் பேசவே அஞ்சுவார்கள், வியாபாரிகள் பழையபடி கடிதத்துக்குப் போய்விடுவார்கள் என்பது மேலிடத்தின் கணக்கு. ஹிக்மனின் ஆய்வகக் குறிப்பேடுகளைப் பல பத்தாண்டுகள் கழித்து மார்க் கிளார்க் என்ற வரலாற்றாளர் தோண்டி எடுத்த பிறகுதான் இந்தக் கதை வெளியே தெரிந்தது. அந்த பயம் முட்டாள்தனமானது என்று எளிதாகச் சிரித்துவிட முடியாது. இன்று ‘ஆட்டோ ரெக்கார்டிங்’ போட்ட போனோடு பேசுகிறோம் என்று தெரிந்தால் எத்தனை பேர் “நேர்ல வாங்க, பேசிக்கலாம்” என்கிறார்கள்!

இத்தனைக்கும், பதிவு என்ற எண்ணமே தொலைபேசியின் மடியில் பிறந்ததுதான். எடிசன் 1877-இல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தபோது அவர் தலையில் ஓடிக்கொண்டிருந்தது தந்தியும் தொலைபேசியும். அடுத்த ஆண்டு அதன் பயன்களைப் பட்டியலிட்டு எழுதிய கட்டுரையில், தொலைபேசியோடு இணைத்து உரையாடலைப் பதிவுசெய்வதையும் சேர்த்திருந்தார். 1898-இல் முதல் காந்தப் பதிவுக் கருவியைச் செய்த டென்மார்க்காரர் வால்டெமார் பால்சன், கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனி ஊழியர். உருளையில் சுற்றிய எஃகுக் கம்பியில் குரலைக் காந்தமாக எழுதியது அவருடைய ‘டெலிகிராஃபோன்’. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசஃப் அதில் பேசிய சில சொற்கள் இன்னும் இருக்கின்றன.

கணினிக்குத் தொலைபேசியை எடுக்கும் மொழியைக் கொடுத்தவர்கள் அட்லாண்டாக்காரர்கள், டென்னிஸ் ஹேய்ஸும் டேல் ஹெதரிங்டனும். அவர்கள் 1981-இல் விற்பனைக்கு விட்ட ‘ஸ்மார்ட்மோடம்’ கணினியிடமிருந்து எழுத்துகளாகக் கட்டளை வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு கட்டளையும் ‘ஏ.டி.’ என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். ‘அட்டென்ஷன்’ என்பதன் சுருக்கம், பள்ளி டிரில் மாஸ்டர் கத்துவாரே, அதே சொல். பின்னால் ஒரு ‘டி’யும் எண்ணும் சேர்ந்தால் டயல் செய். ‘ஏ’ சேர்ந்தால் எடுத்துப் பேசு. ஆக ‘ஏ.டி.ஏ.’ என்று தட்டினால் ரிலே ‘டிக்’ என்னும். மணியடித்தால் மோடம் ‘ரிங்’ என்று எழுதும், முடித்தால் ‘ஓகே’, இணைப்பு அறுந்தால் ‘நோ கேரியர்’. கேரியர் என்பது இரண்டு மோடங்கள் பேசும்போது கம்பியில் விடாமல் கேட்கும் அந்தக் கீச்சொலி. அது நின்றால் எதிராளி போய்விட்டார் என்று பொருள். மோடத்தோடு மோடம் பேசும்வரை ‘வைப்பது’ ஒரு பிரச்சினையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மனிதர் பேசத் தொடங்கும்போதுதான் தலைவலி. 1990-களில் வந்த வாய்ஸ் மோடங்கள் தரவு, ஃபேக்ஸ் இரண்டோடு குரலையும் கையாண்டன. எக்சேஞ்சுக்குள் குரல் எந்த வடிவத்தில் ஓடுகிறதோ கிட்டத்தட்ட அதே வடிவில்: நொடிக்கு 8,000 முறை அலையின் உயரத்தை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஒரு பைட்டாக எழுதுவது. தொலைபேசி கடத்தும் குரல் 300 ஹெர்ட்ஸிலிருந்து 3,400 ஹெர்ட்ஸ்வரைதான் என்பதால் 8,000 போதும். ‘எஸ்’ஸையும் ‘எஃப்’பையும் வேறுபடுத்தும் சீறொலி பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது, அது கம்பியேறாது. இனிஷியலைச் சொல்லும்போது “எஸ் ஃபார் சுந்தர்” என்று விளக்கவேண்டி வருவது காதின் குற்றம் இல்லை.

நொடிக்கு 8,000 பைட் என்றால் நிமிடத்துக்கு 4,80,000. ஒரு 1.44 எம்.பி. ஃபிளாப்பியில் மூன்று நிமிடப் பேச்சு. அக்காலத்து 40 எம்.பி. ஹார்ட் டிஸ்கை முழுவதுமாகத் துடைத்துக்கொடுத்தாலும் ஒன்றரை மணி நேரம் தேறாது. அதனால் அடுத்தடுத்த அளவுகளின் வித்தியாசத்தை மட்டும் எழுதிப் பாதியாகக் குறைத்தார்கள். ஜி.எஸ்.எம். செல்போனுக்கென்று வந்த சுருக்கமுறை 20 மில்லிநொடிப் பேச்சை 33 பைட்டில் அடக்கியது. அதே ஃபிளாப்பியில் கால் மணி நேரம்.

இதில் மிக அழகான ஏற்பாடு ஒன்று உண்டு. மோடத்துக்கும் கணினிக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு சீரியல் கேபிள். குரலும் அதில்தான் வரவேண்டும். “இப்போது அவர் 5-ஐ அழுத்தினார்” போன்ற சேதிகளும் அதில்தான் வரவேண்டும். கலந்துவிடாதா? 16 என்ற பைட்டை மணியக்காரனாக வைத்தார்கள். 16 வந்தால் அடுத்து வருவது குரல் இல்லை, சேதி. 16-க்குப் பின் ‘5’ வந்தால் பொத்தான் 5. ‘எஸ்’ வந்தால் நெடுநேரம் மௌனம். ‘சி’ வந்தால் எதிர்முனையில் ஃபேக்ஸ் மெஷின் கூவுகிறது, மனிதர் இல்லை. அந்தக் கூவலின் அலைவெண் 1,100 ஹெர்ட்ஸ். ‘பி’ வந்தால் எங்கேஜ்டு டோன். சரி, குரலிலேயே தற்செயலாக 16 என்ற அளவு வந்துவிட்டால்? அதை இரட்டையாக, 16, 16 என்று அனுப்பிவிடு. இந்த இரட்டையைச் சரியாகப் பிரிக்காமல் எழுதிய நிரல்களில், பதிவைத் திரும்பக் கேட்கும்போது பேச்சின் நடுவே ‘பொட் பொட்’ என்று பொரியும்.

பொத்தான்களின் கதையையும் தொட்டுவிட வேண்டும். ஒவ்வொரு பொத்தானும் இரண்டு சுரங்களை ஒரே நேரத்தில் எழுப்பும். 5-க்கு 770 ஹெர்ட்ஸும் 1,336 ஹெர்ட்ஸும். 1963-இல் இந்த முறை அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தபோதே, ஒரு சுரம் இன்னொன்றின் மடங்காக வராதபடி எண்களைத் தேர்ந்திருந்தார்கள். மனிதக் குரல் தவறுதலாக இந்த ஜோடிகளை எழுப்பிவிடக்கூடாதே! ஆனாலும் எப்போதாவது எழுப்பிவிடும். யாரும் எதையும் அழுத்தாமலே கணினி “நன்றி, 3-ஐத் தேர்ந்தெடுத்தீர்கள்” என்னும். இந்தச் சுரங்களைக் கண்டுபிடிக்க ஜெரால்ட் கோர்ட்செல் 1958-இல் வெளியிட்ட கணக்கு இன்றும் பயன்படுகிறது. முழு அலைநிறமாலையையும் ஆராயாமல், வேண்டிய எட்டு சுரங்கள் மட்டும் எவ்வளவு இருக்கின்றன என்று பார்ப்பது. ஒவ்வோர் அளவுக்கும் ஒரு சுரத்துக்கு ஒரே ஒரு பெருக்கல். 205 அளவுகள், அதாவது நாற்பதில் ஒரு நொடிப் பேச்சு கைக்கு வந்தால் பொத்தான் எது என்று சொல்லிவிடலாம். சுழற்றும் டயல் கொண்ட பழைய கறுப்புத் தொலைபேசிக்காரர்களுக்குத்தான் இந்தச் சலுகை கிடையாது. அவர்களுடைய டயல் கம்பியை வெட்டிவெட்டி எழுப்பும் துடிப்பு உள்ளூர் எக்சேஞ்சோடு நின்றுவிடும்.

எப்படிப் பேசுவது என்று கணினிக்குச் சொல்லிக்கொடுத்த நல்ல எடுத்துக்காட்டு 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். விளையாட்டு வீரர்கள் தங்களுக்குள் குரல் செய்தி அனுப்பிக்கொள்ளவும், ஊரிலிருந்து பெற்றோர் போன் செய்து செய்தி விட்டுவைக்கவும் ஐ.பி.எம். ஓர் ஏற்பாடு செய்தது. 12 மொழிகள்; நான்கு வாரம் இரவுபகலாக ஓடியது; 40,000 தடவைக்கு மேல் பயன்பட்டது. அதை வடிவமைத்த ஜான் கூல்டும் ஸ்டீஃபன் போய்ஸும் கூட்டாளிகளும் நிரல் எழுதுவதற்கு முன்பே பயனர் கையேட்டை எழுதி நடைபாதையில் போவோர் வருவோரிடம் காட்டினார்கள். மாதிரிப் பெட்டியைத் தாழ்வாரத்தில் வைத்து யார் வேண்டுமானாலும் குடையட்டும் என்று விட்டார்கள். எதிர்முனையில் இருப்பவருக்குத் திரை கிடையாது, காது மட்டும்தான். சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்று “ஒன்பதை அழுத்தவும்” வரை நீளும் பட்டியலைக் கேட்கும்போது, அந்தத் தாழ்வாரப் பாடம் எங்கோ தொலைந்துவிட்டது என்று தோன்றும்.

இனி வைக்கும் கதை. அழைத்தவர் ரிசீவரை வைத்ததும் பதில் சொல்லும் பக்கத்தில் என்ன மாறுகிறது? அமெரிக்காவில் பல எக்சேஞ்சுகள் அந்தக் கணத்தில் லைன் மின்சாரத்தை ஒரு நொடிக்கும் குறைவாகத் துண்டித்துக் காட்டும். ஆன்சரிங் மெஷின் அதைப் பிடித்துக்கொண்டு வைத்துவிடும். இந்தியாவில் வீட்டு லைன்களுக்கு அப்படி ஒரு சைகையை எதிர்பார்க்க முடியாது. எங்கேஜ்டு டோன் மட்டும் கேட்கும். கேட்டால் போதாதா? அமெரிக்க எங்கேஜ்டு டோன் 480, 620 என்ற இரு சுரங்கள் சேர்ந்தது, அரை நொடி ஒலித்து அரை நொடி ஓயும். இந்திய டோன் 400 ஹெர்ட்ஸ் ஒற்றைச் சுரம், முக்கால் நொடி ஒலித்து முக்கால் நொடி ஓயும். அமெரிக்கத் தாளத்துக்குப் பழகிய மோடத்துக்கு இந்தியத் தாளம் யாரோ பேசுவதுபோலப் படும். மரியாதையாகப் பதிவுசெய்துகொண்டே இருக்கும். திரும்ப வந்து கேட்டால், பத்து நொடி பில் விஷயம். அதன் பிறகு டிஸ்க் நிறையும்வரை ‘டூ... டூ... டூ...’. அந்த நேரம் முழுக்க லைனும் எங்கேஜ்டு, வேறு யாரும் அழைக்க முடியாது.

மௌனத்தைக் கணக்கிட்டு வைக்கலாம் என்றால் அதிலும் வில்லங்கம். எங்கேஜ்டு டோன் மௌனம் இல்லை. மின்விசிறிச் சத்தமும் மௌனம் இல்லை. மறுபக்கம், “ஒரு நிமிஷம், அவர்கிட்டயே கொடுக்கிறேன்” என்று ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு ஒருவர் உள்ளே போனால் அது அசல் மௌனம். ஆறாவது நொடியில் கணினி ‘டிக்’ என்று வைத்துவிடும். உள்ளேயிருந்து ஓடி வந்தவருக்கு எங்கேஜ்டு டோன்தான் மிச்சம்.

யோசித்துப் பார்த்தால், தமிழ்நாட்டுத் தெருமுனைகளில் தொலைபேசியோடு இணைந்த சின்னக் கணினி ஒன்று அப்போதே ஊர்ஊராக இருந்தது: எஸ்.டி.டி. பூத்தின் பில் மெஷின். சிவப்பு எண்கள் ஓடும் அந்தப் பெட்டிக்கு எதிர்முனையில் எடுத்தார்களா, எப்போது எடுத்தார்கள் என்று துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும், காசு கணக்காயிற்றே. அதனால் பூத் லைன்களுக்கு எக்சேஞ்ச் தனிச் சைகை கொடுத்தது. கம்பிகளின் பாசிட்டிவ் நெகட்டிவை மாற்றிப்போட்டோ, காதுக்குக் கேட்காத 16,000 ஹெர்ட்ஸ் துடிப்பை அனுப்பியோ. காசு வாங்கும் கணினிக்குக் கிடைத்த சைகை, செய்தி வாங்கும் கணினிக்குக் கிடைக்கவில்லை.

அழைப்பவர் எண்ணைக் காட்டும் வசதியிலும் இதே பொருத்தமின்மை. அமெரிக்காவில் அந்த எண் முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் இடையே மோடம் கீச்சொலியாக வரும். இந்தியாவில் பல எக்சேஞ்சுகள் பொத்தான் சுரங்களாகவே, மணிக்கு முன்னால் அனுப்பின. மோடம் மணிக்குப் பிறகு காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். எண் வந்து போயிருக்கும்.

தீர்வு ஒரு மாணவரின் கையிருப்புப் பற்றாக்குறையிலிருந்து வந்தது. 1999-இல் அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மார்க் ஸ்பென்சர், லினக்ஸ் உதவிக்கென்று சின்ன நிறுவனம் நடத்தினார். அழைப்புகளைப் பிரித்துக்கொடுக்க ஆபீஸ் எக்சேஞ்ச் வேண்டும், விலை கட்டுப்படியாகவில்லை. கணினியிலேயே ஒன்றை எழுதிக்கொண்டார். தொலைபேசிப் பொத்தானில் இருக்கும் நட்சத்திரக்குறியின் பெயரையே அதற்கு வைத்தார்: ‘ஆஸ்டரிஸ்க்’. ஜிம் டிக்சன் என்பவர், மெக்சிகோ புரட்சியாளர் சபாட்டாவின் பெயரில் நடத்திய முயற்சியில், தொலைபேசிச் சில்லுகளின் வேலையைக் கணினியின் பிராசசரிடமே விட்டுவிடும் மலிவான கார்டைச் செய்து, அதன் வரைபடத்தையும் இலவசமாகக் கொடுத்திருந்தார். இரண்டும் சேர்ந்தன. ஒற்றை லைனுக்கு அதுகூட வேண்டாம். மலிவான மோடம் கார்டுகளிலேயே சில வகைகள் ஆஸ்டரிஸ்குக்கு லைன் கார்டாக உழைத்தன.

பிராசசரே காதாகிவிட்டதால் எந்த நாட்டுத் தாளத்தையும் அதற்குச் சொல்லிக்கொடுக்கலாம். ஆஸ்டரிஸ்கின் அமைப்புக் கோப்பில் ‘பிஸி பேட்டர்ன்’ என்று ஒரு வரி. இந்தியாவில் அதற்கு எதிரே 750, 750 என்று எழுத வேண்டும், மில்லிநொடியில். அதற்கு மேலே ‘பிஸி கவுண்ட்’ நான்கு என்றால், நான்கு ‘டூ’ கேட்டதும் வைத்துவிடு. இரண்டு என்று வைத்தால் சீக்கிரம் வைக்கும், ஆனால் யாராவது விட்டுவிட்டு ‘ம்... ம்...’ கொட்டினாலும் எங்கேஜ்டு டோன் என்று நினைத்து முகத்திலடித்தாற்போல் வைத்துவிடும். எட்டு என்றால் பாதுகாப்பு, ஆனால் ஒவ்வொரு பதிவின் வாலிலும் பன்னிரண்டு நொடி ‘டூ’. இந்த ஒற்றை எண்ணைத் திருகிக்கொண்டே பொழுதைக் கழித்தவர்கள் உண்டு.

விலை இறங்கியதும் இந்த வித்தை எழுத்தறியாதவர்களிடம் போய்ச் சேர்ந்தது. குஜராத்தில் 2009-இல் ‘அவாஜ் ஒட்டலோ’ என்ற சேவை சோதனைக்கு வந்தது. ஒட்டலோ என்றால் திண்ணை, குரல் திண்ணை. விவசாயிகள் போன் செய்து பயிர்ச் சந்தேகத்தைப் பதிவுசெய்வார்கள். மற்றவர்களின் கேள்விகளையும் பதில்களையும் கேட்பார்கள். 51 விவசாயிகளோடு ஏழு மாதம் நடந்த சோதனையில் அவர்கள் அதிகம் நாடியது நிபுணர் உரைகளை அல்ல, பக்கத்து ஊர்க்காரர்களின் கேள்வி பதிலைத்தான். அதே குழு இன்னொன்றையும் சோதித்தது: வாயால் கட்டளை சொல்வது எளிதா, பொத்தானை அழுத்துவது எளிதா? படிப்பு குறைந்தவர்களுக்குப் பேச்சுதான் எளிது என்று யாருக்கும் தோன்றும். வேலையை முடித்தவர்கள் அதிகம் இருந்தது பொத்தான் பக்கம். அடுத்த ஆண்டு சத்தீஸ்கரில் பத்திரிகையாளர் சுப்ரான்ஷு சௌத்ரி தொடங்கிய ‘சி.ஜி.நெட் ஸ்வரா’வில், நாளிதழ் எட்டாத கோண்டு கிராமங்களிலிருந்து மக்கள் அழைத்து, ரேஷன் வராததையும் கூலி வராததையும் தங்கள் மொழியிலேயே செய்தியாகப் பதிவுசெய்தார்கள்.

பதிவுசெய்வது எளிதாக எளிதாக, பழைய பயம் திரும்பி வந்தது. 1947-இலேயே அமெரிக்க ஆணையம், உரையாடலைப் பதிவுசெய்தால் 15 நொடிக்கு ஒருமுறை 1,400 ஹெர்ட்ஸில் ஒரு ‘பீப்’ கேட்கவேண்டும் என்று விதித்தது. இன்றைக்கும் அந்த நாட்டில் கூட்டாட்சிச் சட்டப்படி பேசுகிறவரில் ஒருவர் சம்மதம் போதும். கலிஃபோர்னியாவிலோ எல்லோரும் சம்மதிக்க வேண்டும். இந்திய உச்ச நீதிமன்றம், அரசு ஒட்டுக்கேட்பது பற்றிய வழக்கில், போன் பேச்சும் அந்தரங்க உரிமைக்குள் அடங்கும் என்று 1996-இல் சொன்னது. கூகுள் 2022-இல், ஊனமுற்றோருக்கான வசதியின் வழியாக நுழைந்து அழைப்பைப் பதிவுசெய்துவந்த செயலிகளுக்குத் தன் கடையில் தடைபோட்டது. ஆப்பிள் 2024-இல் பதிவு வசதியைக் கொடுத்தது, ஆனால் பொத்தானைத் தொட்டதும் இருவர் காதிலும் அறிவிப்பு ஒலிக்கும். 1947-இன் ‘பீப்’ இப்போது முழு வாக்கியமாகப் பேசுகிறது.

செல்போனோடு கணினியை இணைக்க இன்று கம்பி வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். மடிக்கணினி புளூடூத்தில் போய், ‘நான் ஒரு ஹெட்செட்’ என்று போனிடம் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. விண்டோஸின் ‘ஃபோன் லிங்க்’ இப்படித்தான் அழைப்பை மேசைக்குக் கொண்டுவருகிறது. மறுபக்கம், சிம் போட்டு ஓடும் குட்டி ஜி.எஸ்.எம். பலகைகளை மாணவர்கள் கணினியோடு இணைத்து, தானே எடுத்துப் பேசும் கருவிகளைச் செய்கிறார்கள். அங்கே வைப்பதில் குழப்பமே இல்லை. எதிர்முனை வைத்த கணமே நெட்வொர்க் சொல்லிவிடும், பலகை அதைக் கணினிக்கு எழுத்தில் எழுதிக்கொடுக்கும்: ‘நோ கேரியர்’. கீச்சிடும் கேரியர் எதுவும் அந்த இணைப்பில் இருந்ததே இல்லை. 1981-இன் சொல் அப்படியே தங்கிவிட்டது.

பேருந்தில் ஒருவர் காதில் மாட்டியிருக்கும் சின்ன ஹெட்செட்டில் அழைப்பு வருகிறது. அதற்குள் அவருடைய போன் ‘ரிங்’ என்ற சொல்லை ஹெட்செட்டுக்கு அனுப்பியிருக்கும். அவர் பொத்தானைத் தட்டுகிறார். ஹெட்செட்டிலிருந்து சட்டைப்பைக்கு மூன்று எழுத்து போகிறது: ‘ஏ.டி.ஏ.’. சட்டைப்பை ‘ஓகே’ என்கிறது. ‘டிக்’ என்று சொல்ல ரிலேதான் இல்லை. “ஹலோ, ஆங்... பஸ்ல இருக்கேன், சொல்லு” என்கிறார் அவர்.